ஆறு புத்தகங்களும் ஒரு கையெழுத்தும்

மார்ச் முதல் தேதி, காலை பத்தேகால் மணி. எங்கள் பகுதிக் கிளை நூலகத்தில் நான் எடுத்த புத்தகங்கள் ஆறு. பதிந்து கொடுத்தவர் நூலகர் வேணி.

எப்போது, எத்தனை, யார் என்பதை முதல் வரியிலேயே கொட்டிவிடுவது எங்கள் தொழில் பழக்கம். செய்தித்தாளில் முக்கியமானது மேலே இருக்கும். இடம் பத்தாவிட்டால் கீழேயிருந்து வெட்டுவோம். மதுரையில் ஒரு நாளிதழின் டெஸ்க்கில் முப்பத்தொரு வருடம் நான் செய்த வேலை இதுதான். நிருபர் முப்பது வரி அனுப்புவார். பன்னிரண்டு வரிக்குத்தான் இடம் இருக்கும். பதின்மூன்றாவது வரியிலிருந்து என்ன எழுதியிருந்தார் என்று நான் பார்த்ததில்லை. ஊரும் பார்த்ததில்லை. யாரும் குறை சொன்னதுமில்லை.

டிசம்பரில் ஓய்வு பெற்றேன். பணிக்கொடை, வருங்கால வைப்பு நிதி எல்லாம் சேர்ந்து பிப்ரவரிக் கடைசியில் வங்கிக் கணக்கில் வந்து உட்கார்ந்தது. மறுநாளே உசிலம்பட்டியிலிருந்து என் மச்சினன் பாண்டி போன் செய்தான். டிராக்டர் உதிரிபாகக் கடை வைத்திருந்தவன். கடையை மூடிவிட்டு இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகி நாலு மாதம் ஆகிறது. அவனிடம் ஒரு திட்டம் இருந்தது. மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் போட்டுவிட்டால், பிறகு மாதாமாதம் பென்ஷன் மாதிரி வந்துகொண்டிருக்குமாம். மார்ச் இருபத்தைந்துக்குள் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு வேறு வருமானம் கிடையாது. பென்ஷன் இல்லாமல் ஓய்வு பெற்ற என் இனத்தாருக்கு, அந்த ஒரு கையெழுத்து எவ்வளவு கனம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

"படிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் மாப்ள" என்றேன். அதற்குத்தான் நூலகம். என் அட்டையில் மூன்று புத்தகம், என் மனைவி செல்வியின் அட்டையில் மூன்று. பணத்தைப் பற்றி மூன்று, வெறும் கதை மூன்று.

மதியத்துக்குள் பணக்காரன்

முதல் புத்தகம் இருநூற்று எண்பது பக்கம். நாற்பது வயதுக்குள் கோடீசுவரனாவது எப்படி என்று சொல்வது. எனக்கு அறுபது ஆகிவிட்டது என்பதைப் புத்தகத்திடம் சொல்லவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் பத்தியைப் படித்தேன். செய்தி கிடைத்துவிட்டது. அடுத்த அத்தியாயத்துக்குப் போனேன். இப்படியே போனதில் காலைக் காபிக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் புத்தகம் முடிந்துவிட்டது.

பெருமை தாங்காமல் காஜாவுக்குப் போன் செய்தேன். காஜா எங்கள் அலுவலகத்தில் பக்கம் கட்டுபவர், இன்னும் பணியில் இருக்கிறார். நான் வெட்டிக் கொடுத்ததை இருபது வருடம் பக்கத்தில் பொருத்தியவர். எப்படிப் படித்தேன், என்னென்ன தெரிந்துகொண்டேன் என்று வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "அண்ணே, நீங்க படிச்சதுக்குப் பேரு பொருளடக்கம். அது முன்னாடியே ரெண்டு பக்கத்துல இருந்திருக்குமே."

கருமாத்தூருக்கு முன்னால் கொலைகாரன்

பாண்டியின் மகளுக்குக் காதுகுத்து. செல்வி முந்தின நாளே உசிலம்பட்டி போய்விட்டாள். நான் ஞாயிறு காலை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினேன். கையில் துப்பறியும் கதை. பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு ஓர் அம்மா. நாகமலை தாண்டியதும் என்ன புத்தகம் என்று கேட்டார். கொலைக் கதை என்றேன். சொல்லச் சொன்னார்.

ஒரு மில் முதலாளி செத்துக் கிடக்கிறார், வீட்டில் ஐந்து பேர் என்று தொடங்கிச் சொல்லிக்கொண்டே போனேன். முன் சீட்டுக்காரரும் திரும்பி உட்கார்ந்துவிட்டார். செக்கானூரணி வந்தபோது, கணக்குப்பிள்ளைதான் கொலைகாரன் என்று முடித்தேன். எப்படிப் பிடித்தார்கள் என்று அந்த அம்மா கேட்டார். அறுபதாவது பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அதற்கு மேல் படிக்கவில்லை என்றேன். புத்தகத்தின் தடிமனையும் என் விரல் இருந்த இடத்தையும் ஒரு தடவை பார்த்தார். "ஏன் சார், அம்புட்டுப் பக்கம் மிச்சம் கெடக்கு, அதுக்குள்ள அந்த மனுசனை உள்ள தள்ளிட்டீங்களே. நான் கருமாத்தூர்ல எறங்கணும், வெரசாப் படிச்சு யாருன்னு சொல்லுங்க."

(படித்தேன். கணக்குப்பிள்ளை இல்லை. அந்த அம்மா அதற்குள் இறங்கிப் போய்விட்டார்.)

வரிசையில் ஒரு நிபுணர்

பாஸ்புக்கில் பதிவு போட வங்கிக்குப் போனேன். இயந்திரம் ஓடவில்லை, வரிசை வாசல் வரை. பணப் புத்தகம் இரண்டாவதைப் பிரித்தேன். அட்டையில் கத்தை கத்தையாக நோட்டு, அதன் மேல் ஒரு ஏணி. ஐந்து நிமிடத்தில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. ஒருவர் சலான் எழுதித் தரச் சொன்னார். ஒரு டீச்சர், தங்கம் இன்னும் ஏறுமா என்று கேட்டார். ஏறலாம், இறங்கவும் செய்யலாம் என்றேன். புத்தகத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது.

எனக்குப் பின்னால் அலங்காநல்லூர்க்காரர் ஒருவர், கரும்பு விற்ற பணத்தைப் போட வந்தவர். புத்தகத்தை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார். எத்தனை நாளாகப் படிக்கிறேன் என்று கேட்டார். பத்து நாளாக என்றேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இம்புட்டுப் படிச்சும் எனக்கு ஒரே ஒரு ஆளு முன்னாடிதான சார் நிக்கிறீங்க."

ஓரத்தில் 'வெட்டு'

அதே புத்தகத்தில் ஆசிரியர், வரவுக்குள் செலவு செய் என்ற ஒரே விஷயத்தைப் பதினான்கு இடத்தில் சொல்லியிருந்தார். ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் தன் பெரியப்பா கதை வேறு. கை சும்மா இருக்கவில்லை. பென்சிலை எடுத்து, பெரியப்பா வரும் இடமெல்லாம் கோடு போட்டு, ஓரத்தில் 'வெட்டு' என்று எழுதிவிட்டேன். அது நூலகத்துப் புத்தகம் என்பது ஒன்பதாவது அத்தியாயத்தில்தான் நினைவுக்கு வந்தது.

திருப்பிக் கொடுக்கப் போனபோது வேணி என் முன்னாலேயே பக்கங்களைப் புரட்டினார். அபராதம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். ஓர் அழிப்பானை எடுத்து மேசையில் வைத்தார். உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அழித்தேன். கிளம்பும்போது சொன்னார்: "இதைக் கேட்டு இன்னும் நாலு பேரு பேர் எழுதி வச்சிருக்காங்க சார். அந்தப் பெரியப்பாவை அவங்களும் பாக்கட்டும்."

செல்வி படிக்கும் முறை

மூன்று கதைப் புத்தகங்களில் ஒன்று குடும்ப நாவல். அதை எடுத்தது செல்விக்காக. அவள் ஒரு தனியார் பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் எழுத்தராக இருந்தவள். எந்தப் புத்தகம் கிடைத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் படிப்பாள். ஜோடி சேர்ந்துவிட்டதா, யாராவது செத்தார்களா என்று பார்த்த பிறகுதான் முன்னுக்கு வருவாள். கல்யாணமான புதிதிலிருந்து இதற்காக நான் சண்டை போட்டிருக்கிறேன். எழுதியவன் பாடுபட்டு ஒளித்து வைத்ததை இப்படி எடுத்துப் பார்ப்பது நியாயமில்லை என்பது என் கட்சி.

இந்த முறையும் சொன்னேன். மதியம் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, அவள் முறத்தில் பாசிப்பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "அழுகிற கதைன்னா எனக்கு முன்னாடியே தெரியணும். சோத்தை வடிச்சு வச்சிட்டு நிம்மதியா உக்காந்து அழுவேன். பாதியில அழுதுட்டு எந்திரிச்சு வந்து உங்களுக்கு ரசம் வைக்க முடியாது."

பன்னிரண்டு பக்கம்

இருபத்து நாலாம் தேதி காலை பதினோரு மணிக்குப் பாண்டி வந்தான். தோளில் புதுப் பை, சட்டைப் பையில் இரண்டு பேனா. இந்த மாதக் கணக்குக்கு அவனுக்கு இன்னும் ஒரு பாலிசிதான் பாக்கி. அது வராவிட்டால் ஏஜென்சி நிற்காது என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இதை அவன் மறைக்கவில்லை. "உங்களுக்கும் நல்லது, எனக்கும் பொழப்பு ஓடும் மச்சான்" என்றான்.

விண்ணப்பமும் திட்ட விவரமும் சேர்ந்து பன்னிரண்டு பக்கம், வழவழத் தாள். முதல் பக்கத்தில் நரைத்த தலையோடு ஊஞ்சலில் சிரிக்கும் தம்பதி. பெரிய எழுத்தில் தலைப்பு, கீழே உபதலைப்பு, அதன் கீழே நான்கே வரியில் மொத்த விஷயம். எழுதியவர் டெஸ்க்கில் இருந்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் பாராட்டினேன். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்தின் தலையைப் பார்த்தேன். போதும் என்று பட்டது. பேனாவைக் கேட்டேன்.

"இங்க குடுங்க, நானும் படிக்கணும்ல" என்றாள் செல்வி. வாங்கியதும் அப்படியே கவிழ்த்தாள். பன்னிரண்டாம் பக்கம். எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்துப் படித்தாள்.

"பாண்டி, பணம் எத்தனை தடவை கட்டணும்?"

"ஒரே தடவைதான்க்கா. மச்சான்கிட்டச் சொல்லிட்டேனே."

"செலுத்த வேண்டிய காலம் ஏழு ஆண்டுன்னு போட்டிருக்கே."

பாண்டி சிரித்தான். அது வேறு எதற்காவது இருக்கும் என்றான். அவள் விரலை எடுக்கவில்லை. அவன் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து படித்தான். இதே தொகை, வருடா வருடம், ஏழு தடவை. நடுவில் நிறுத்தினால் கட்டிய பணமும் முழுசாகக் கைக்கு வராது. நானும் எட்டிப் பார்த்தேன். என்னிடம் இருந்தது மொத்தமே முதல் தவணைக்குத்தான்.

அவன் முகம் மாறியது எனக்காக என்றுதான் நினைத்தேன். பிறகு, இந்தத் திட்டத்தில் முதல் பாலிசியைத் தன் பேரிலேயே எடுக்க வேண்டும் என்று மேனேஜர் சொன்னதைச் சொன்னான். கடைச் சாமானையெல்லாம் விற்ற பணத்தை அப்படியே போட்டிருக்கிறான். வேறு சேமிப்பு கிடையாது. "எங்களுக்கு ட்ரெயினிங் குடுத்தப்ப மொதப் பக்கத்தை வச்சுத்தான்க்கா சொல்லிக் குடுத்தாங்க. பன்னெண்டாம் பக்கம்னு ஒண்ணு இருந்ததே எனக்கு இப்பத்தான் தெரியும்."

செல்வி இன்னும் படித்துக்கொண்டிருந்தாள்

நாங்கள் இருவரும் ஆளுக்கொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் தாளைக் கீழே வைக்கவில்லை. பக்கத்தின் அடிவரைக்கும் போய்விட்டு நிமிர்ந்தாள். பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுத்தால், ஏதோ கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்களாம்.

"உன் பத்திரம் எப்ப வந்துச்சு?"

"சிவராத்திரிக்கு மறுநாள்."

சுவரில் தொங்கிய காலண்டரில் தாளைப் பின்னால் தள்ளி விரலால் எண்ணினாள். இன்னும் நான்கு நாள் இருந்தது. பாண்டி என் விண்ணப்பத்தைப் பைக்குள் வைத்து மூடினான். பத்திரத்தைத் திருப்பினால் ஏஜென்சி போய்விடும் என்று மெதுவாகச் சொன்னான். மீன் குழம்பு தயாராக இருந்தது, ஆனால் சாப்பிட மாட்டேன் என்றான். செல்வி தட்டை வைத்துவிட்டாள். "ஏஜென்சி போனா வேற வேலை பாத்துக்கலாம்டா. அடுத்த வருசம் இம்புட்டுப் பணத்துக்கு நீ எங்க போவ? சாப்புட்டுட்டு மூணு மணி பஸ்ஸப் பிடி."

கணக்கு முடிப்பு

மார்ச் முப்பத்தொன்றில் மீதி ஐந்து புத்தகங்களையும் வேணியிடம் சேர்த்தேன். நகைச்சுவைக் கதைத் தொகுப்பை மட்டும் பிரிக்கவே இல்லை. அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

ஆறு புத்தகமும் பன்னிரண்டு பக்க விண்ணப்பமுமாக ஒரு மாதம் படித்ததில் எங்கள் குடும்பத்துக்குக் கிடைத்த மொத்த லாபம், இருந்தது இருந்தபடி இருக்கிறது என்பதுதான். ஏப்ரல் பதினேழாம் தேதி பாண்டியின் பணம், பிடித்தம் போக, அவன் கணக்குக்கு வந்தது.