அசன இலையில் கோதுமை

தேவகனி தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். யாரிடமும் கெஞ்சிப் பழக்கமில்லாதவள். அப்படிப்பட்டவள் எழுபத்தாறாம் வருஷம் முழுக்கத் தன் புருஷனிடம் கெஞ்சினாள். எதற்கு? சோறு தின்னாமல் இருப்பதற்கு!

புருஷன் ஜேசுபாதம் புதுத் துறைமுகத்தில் கிளார்க். நெடுநெடுவென்று உயரம். கோயிலில் பாட்டு ஆரம்பித்தால் அவர் குரல்தான் முதலில் எழும்பும். அவருக்குச் சர்க்கரை வியாதி. குதிகாலில் ஒரு புண், ஆறவே மாட்டேன் என்றது. சோற்றைக் குறைத்துக் கோதுமை சாப்பிடச் சொன்னார் டாக்டர். தேவகனியின் அப்பாவுக்கும் இப்படி ஒரு புண்ணில்தான் ஆரம்பித்தது. சாத்தான்குளத்து வீட்டில் அவர் ஒற்றைக்காலோடு கட்டிலில் கிடந்ததைப் பார்த்தவள் அவள். இவருக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று தினமும் அந்தப் புண்ணைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

சப்பாத்தி சுட்டாள். "தோலைக் கடிக்க மாதிரி இருக்குளா" என்று தள்ளிவிட்டார். கஞ்சி காய்ச்சினாள். "நான் என்ன படுத்த படுக்கையாவா கெடக்கேன்?" என்றார். சரி, முழுக் கோதுமையையே வேகவைத்துப் பச்சடி மாதிரி பிசிறிக் கொடுப்போம் என்று இறங்கினாள்.

சோறு வடித்தே பழகிய கை. ஒரு மணியை எடுத்து விரலில் நசுக்கினாள், நசுங்கியது, வடித்துவிட்டாள். உள்ளே வேகாமல் கல்லாகக் கிடந்தது!

"ஏளா, பல்லுக்கும் சேத்து டாக்டர் பாக்கணுமா?"

அடுத்த தடவை நன்றாக வேகவிட்டாள். ஆனால் வடித்த பிறகு, சோற்றுக்குச் செய்வதுபோலவே மூடி போட்டு வைத்தாள். சூட்டிலேயே கிடந்து கூழாகிவிட்டது.

"சினிமா போஸ்டர் ஒட்டலாம்" என்றார் ஜேசுபாதம்.

அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது அரிசி இல்லை! முந்தின நாளே ஊறப்போட்டாள். நிறையத் தண்ணீரில் நிதானமாக வேகவிட்டு, விரலை நம்பாமல் கடித்துப் பார்த்தாள். வடித்த கையோடு வெள்ளைத் துணியில் பரப்பிக் காற்றாட விட்டாள். மணி மணியாகப் பிரிந்து நின்றது கோதுமை! சின்ன வெங்காயம், வெள்ளரிக்காய், மாங்காய், தேங்காய்ப்பூ சேர்த்து எலுமிச்சம்பழம் பிழிந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு" என்று தின்றார். தின்றுவிட்டுத் துறைமுகத்தில் போய்ச் சோறும் தின்றார். சட்டையைத் துவைக்கும்போது சாம்பார்க் கறை காட்டிக்கொடுத்தது.

இதற்கிடையில் சாயர்புரம் பக்கத்திலிருக்கும் அவருடைய ஊர்க் கோயிலில் பண்டிகை வந்தது. பண்டிகை என்றால் அசனம். ஊரே வரிசையாக உட்கார்ந்து ஒரே சமையலைச் சாப்பிடும் விருந்து.

"அசனத்துல மட்டும் ஒண்ணும் சொல்லாத. எல்லாருக்கும் ஒரே சாப்பாடு. நான் மட்டும் தூக்குச்சட்டியத் தொறந்து தின்னா, மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?"

அவர் சொன்னது நியாயம்தான். தேவகனி நேரே தலைமைச் சமையற்காரர் பவுலிடம் போனாள்.

"அண்ணாச்சி, எல்லா எலைக்கும் நான் ஒரு பதார்த்தம் தாரேன். கோதும."

"ஏம்மா, ஊருல அரிசிக்கா பஞ்சம்?"

"ஒரு வாய் தின்னு பாத்துட்டு ஏசுங்க." கையோடு கொண்டுபோன தூக்குச்சட்டியைத் திறந்து நீட்டினாள்.

பவுல் மென்றார். இன்னொரு வாயும் அள்ளினார். "கொண்டாம்மா" என்றார்.

அசனத்தன்று கோயில் வராந்தா முழுக்க வேட்டிகளை விரித்துக் கோதுமையைப் பரப்பினார்கள். சபைப் பெண்கள் வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்கினார்கள். பந்தியில் வாளியைத் தேவகனியே எடுத்துக்கொண்டாள். எல்லா இலைக்கும் ஒரு கரண்டி. ஜேசுபாதம் இலைக்கு மட்டும் கை நிற்கவில்லை.

பின்னாலேயே சோற்று வாளியோடு வந்தார் அவருடைய சித்தப்பா மகன் கிருபாநிதி. "என்ன மதினி, எங்க அண்ணனுக்கு மட்டும் மலை மாதிரி குமிச்சிருக்கு? நான் சோத்த எங்கன போட?"

பந்தியே சிரித்தது. தேவகனி சிரிக்கவில்லை. ஆவி பறக்கும் சோற்றைப் பார்த்தார் ஜேசுபாதம். எவ்வளவு ஆசை அந்தப் பார்வையில்! பிறகு அவளைப் பார்த்தார். அவள் அடுத்த இலைக்கு நகராமல் அவர் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் இலைமேல் கையை விரித்து மறைத்தார்.

"எனக்கு வேண்டாம்ல. இதுவே வயிறு கொள்ளாது. கறிக்குழம்ப மட்டும் இதுமேல ஊத்தச் சொல்லு."

எலுமிச்சம்பழம் பிழிந்த பச்சடிமேல் ஆட்டுக்கறிக் குழம்பு! வேறு நாளாக இருந்தால் தேவகனி சண்டைக்கு நின்றிருப்பாள். இப்போது கண் நிறைந்து, அடுத்த இலை எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் வாளியோடு நின்றாள்.

"ஏளா, பந்தி காத்துக் கெடக்கு பாரு" என்றார் அவர், மென்றுகொண்டே.