இரண்டாவது நோயாளி

மும்பைச் செம்பூரில் மருந்துக்கடைக்காரர்கள் எத்தனை வேண்டும் என்று மட்டும்தான் கேட்பார்கள். யாருக்கு, எதற்கு, எந்த வழியாகக் கொண்டுபோகப் போகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. இந்த ஊருக்கு வந்து எனக்குத் தலையும் நரைத்துவிட்டது. ஆனாலும் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இன்சுலின் பெட்டி பெட்டியாக அடுக்கியிருப்பதைக் கண்டால் இன்னமும் நின்று எண்ணத் தொடங்கிவிடுகிறேன். யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு ஏனென்று விளங்கும். மற்றவர்கள் இவளுக்கென்ன விசரோ என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.

என் மனுசன் முருகேசன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையில் இளவயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். நான் யாழ்ப்பாணத்திலிருந்து படகேறி வந்து மண்டபம் அகதி முகாமில் கிடந்தபோது, முகாமுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த அவருடைய அக்காதான் பேசி முடித்து வைத்தார். அவருக்குச் சர்க்கரை கூடி ஊசி என்று ஆனபிறகு, மருந்து வாங்குவதும் போடுவதும் என் பொறுப்பு. போத்தல் ஒன்று போதுமென்றாலும் நான் இரண்டு வாங்குவேன். ஒருநாள் கடைக்காரர், "ஆன்ட்டி, கர் மே கித்னே பேஷன்ட்?" என்றார். வீட்டில் எத்தனை நோயாளி என்கிறார். என் வாய் சும்மா கிடக்காமல் "தோ", இரண்டு என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து அந்த நல்ல மனிதர், நான் போகும்போதெல்லாம் இரண்டாவது பேஷன்ட் எப்படி இருக்கிறார் என்று விசாரிப்பார். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன்.

இரண்டாவது பேஷன்ட் என் தங்கச்சி வதனி. சின்ன வயதிலேயே சர்க்கரை வந்து, ஊசி இல்லாமல் இருக்க முடியாத பிள்ளை. அது சண்டை நடந்து, எங்கள் யாழ்ப்பாணப் பக்கத்துக்குச் சாமான் வரும் பாதையை அரசாங்கம் அடைத்திருந்த காலம். பாட்டரி வராது, மெழுகுதிரி வராது, சவர்க்காரம் வராது. பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தோம், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டோம். இதையெல்லாம் இப்போது பலர் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். சிரிக்கக்கூடிய பகுதி அதுதான். மருந்துக்கு மாற்று எங்கே இருக்கிறது? கரண்ட் இல்லாததால் வதனியின் போத்தலை மண்பானைக்குள் ஈரமணலில் புதைத்து வைத்திருந்தோம். கப்பலில் மருந்து வரும் என்றார்கள், கப்பல் வரவில்லை.

"அடுத்த கப்பல் வருமட்டும் இது தாங்கவேணும், பிள்ளை. கொஞ்சம் குறைச்சுப் போடுவம்" என்றார் அம்மா. குறைத்தோம். பிறகு இன்னும் குறைத்தோம். வதனி தண்ணீர் தண்ணீரென்று கேட்டாள், மெலிந்தாள், மூச்சு இழுத்தது, ஒரு விடியற்காலையில் போய்விட்டாள். செத்தவீட்டுக்கு வந்தவர்கள் கலைந்தபிறகு அம்மா பானைக்குள் கையை விட்டுப் போத்தலை எடுத்தார். அதில் பாதிக்கு மேல் மருந்து இருந்தது. அம்மா அதைத் திரும்ப மணலுக்குள் வைத்து மூடினார்.

மருந்து தீர்ந்து செத்திருந்தால் நான் அடைத்தவர்களை மட்டும் சபித்துவிட்டுக் கிடந்திருப்பேன். மருந்து மிஞ்சியதுதான் என்னை விடவில்லை. என் மனுசனுக்கு நான் சொன்னதெல்லாம், தங்கச்சி காய்ச்சலில் போனாள் என்பதுதான்.

இங்கே என் பிரிட்ஜின் அடித்தட்டில், கீரைக்கட்டுக்குப் பின்னால், போத்தல்கள் சேர்ந்தபடி இருந்தன. இருப்பது குறையக்கூடாது, பழையது முதலில், திறந்ததைக் கடைசிச் சொட்டுவரை. இது நான் யோசித்துச் செய்ததல்ல. கை தானாகச் செய்தது. அதனால் இவருக்கு எந்நாளும் தேதி கடந்த மருந்துதான் போய்க்கொண்டிருந்தது. புதியது பின்னால் கிடந்து பழையதானது. இவருடைய கால்விரலில் செருப்புக் கடித்த புண் ஆறவில்லை, கறுத்தது. சர்க்கரை இறங்கவில்லையென்று டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார், மறுபடியும் கூட்டினார், கடைசியில் விரலை எடுக்க வேண்டியிருக்கும் என்றார். நான் அன்று மாலையே போய் இன்னும் இரண்டு போத்தல் வாங்கி வந்து பின்னால் வைத்தேன்.

அந்த வாரம் காட்கோபரில் இவருடைய தம்பி வீட்டில் காதுகுத்து. போத்தலை மறந்துவிட்டோம். தம்பி கடைக்கு ஓடிப் புதுப் போத்தல் வாங்கி வந்தார். டாக்டர் கூட்டிச் சொல்லியிருந்த அளவையே நான் அதிலிருந்து எடுத்துப் போட்டேன். இலை போடுவதற்குள் இவருக்கு வியர்த்துக் கொட்டியது. என் பெயரைச் சொல்லப் போனார், நாக்கு குழறியது, அப்படியே சரிந்தார். தம்பி மனைவி சர்க்கரைத் தண்ணீர் புகட்ட, ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியெல்லாம் இவருடைய தலை என் மடியில் கிடந்தது. நான் இவரையும் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன்.

பிழைத்துவிட்டார். இளம் டாக்டர் ஒருவர் வீட்டுப் போத்தலைக் கொண்டுவரச் சொல்லி, தேதியைப் பார்த்தார். வீரியம் போன இந்தச் செத்த மருந்துக்கென்று கூட்டிய அளவை நல்ல மருந்தில் போட்டால் ஆள் விழாமல் என்ன செய்வார் என்று இந்தியில் விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, பைசா கஷ்டமா, இலவச மருந்துக்கு எழுதித் தரட்டுமா என்று கேட்டார். பிரிட்ஜ் நிறைய மருந்து வைத்திருக்கிறவளிடம் கேட்கிற கேள்வியா அது? எனக்கு அழுகையாக வந்தது. அவர் அதைக் கஷ்டத்தின் அழுகை என்றே எடுத்துக்கொண்டு எழுதியும் தந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் அடித்தட்டை இழுத்துப் பார்த்தார். திட்டுவார் என்றிருந்தேன். போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்துவிட்டு, "என்னட்டி இது?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் சொன்னேன், பானை, மணல், மிஞ்சியிருந்த மருந்து எல்லாவற்றையும். கேட்டுவிட்டுத் தன் கறுத்த விரலைக் குனிந்து பார்த்தார்.

"இங்க யாரும் ரோட்ட அடைக்கலட்டி."

"தெரியும். கைக்குத் தெரியேல்லை" என்றேன்.

போத்தல்களை எல்லாம் நானே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டேன். இப்போது புண் மெல்ல ஆறுகிறது; விரல் தப்பும் என்கிறார்கள். போன வாரம் புது மருந்து வாங்க இவரும் நொண்டியபடி கூட வந்தார். நான் ஒன்று என்று கேட்டேன். கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, வழக்கம்போல, "தூஸ்ரா பேஷன்ட் கைசா ஹை?" என்று இரண்டாவது நோயாளியை விசாரித்தார். எனக்குத் தலையாட்ட வரவில்லை. இவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் மாறியது.

"தீக் ஹை. உஸ்கோ பீ ஏக் தே தோ" என்றார். நன்றாக இருக்கிறாள், அவளுக்கும் ஒன்று கொடு என்று.

இவருடையது பிரிட்ஜின் முன்தட்டில் இருக்கிறது. திறந்த தேதியை இவரே அதன்மேல் எழுதியிருக்கிறார். வதனியுடையது கீரைக்கட்டுக்குப் பின்னால், உடைக்காமல் இருக்கிறது. அதற்குத் தேதி முடிந்தால் புதியது வாங்கி வைக்க வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார்.