அப்பாவின் சாலை, மாமாவின் லாரி

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு எங்கே தொடங்கினாலும் நெடுஞ்சாலையில் போய்த்தான் முட்டிக்கொள்ளும். அப்பா மத்திய அரசில் சாலைப் பொறியாளர். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, கிடர்பூரில் ஒரு தனியார் நிறுவனத்துக்காகத் துறைமுகச் சரக்கை லாரிகளில் ஏற்றி அனுப்புகிறவர். ஒருவர் போடுகிற சாலையை உடைத்து இன்னொருவர் சம்பளம் வாங்குகிறார் என்பாள் அம்மா. பெஹாலாவில் இருந்த எங்கள் வாடகை வீட்டுக்கு மாமா வந்துவிட்டால் சாம்பார் ஆறிப்போகும்.

“நீ ஏத்தி அனுப்புத பாரத்துக்கு மலையைக் கொண்டாந்து போட்டாலும் அமுங்கும்டே,” என்பார் அப்பா.

“ரோடுன்னா லாரி ஓடத்தான செய்யும், அத்தான்,” என்பார் மாமா, அடுத்த அப்பளத்தை எடுத்துக்கொண்டே.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பா முன்னின்று போட்ட சாலை ஒன்று ஒரே மழைக்காலத்தில் பல்லை இளித்தது. சக்கரம் ஓடும் தடங்கள் வாய்க்காலாக அமுங்கித் தண்ணீர் நின்றது. கான்ட்ராக்டரிடம் வாங்கித் தின்றுவிட்டுத் தாரில் கைவைத்துவிட்டார் என்று பேச்சு, விசாரணையும் வந்தது. உன் அப்பா போட்ட ராஸ்தா பூஜை விடுமுறை வரைக்காவது தாங்குமா என்று நான் காக்கு என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளி என்னைக் கேட்டுச் சிரித்தார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அப்பா அசையவில்லை. தாரில் குறையில்லை, பாரம்தான் அதிகம், அதை மேலதிகாரியின் கண்ணெதிரே காட்டாமல் விடுவதில்லை என்று ஒரே பிடியாக நின்றார்.

அது லேசில் நடக்கிற காரியமாக இல்லை. அப்பா எடைமேடையில் போய் நின்ற நாளெல்லாம் லாரிகள் பரம சாதுவாக, அளவான பாரத்தோடு வந்தன. அதிகாரி நிற்கிறார் என்ற செய்தி டீக்கடைக்கு டீக்கடை தாவிவிடும். கனத்த வண்டிகள் முன்னாலேயே ஒதுங்கிக்கொள்ளும். அப்பா நனைந்த செருப்போடு திரும்புவார், மறுபடியும் போவார்.

ஒரு ஞாயிறு காலை மேலதிகாரியோடு ஜீப்பில் கிளம்பினார். அடம்பிடித்து நானும் தொற்றிக்கொண்டேன். வழக்கமான இடத்தை விட்டு, ஓர் இரும்புக் கிடங்கின் எடைமேடை அருகே போய் நின்றோம். வந்த லாரிகளையெல்லாம் அப்பா போகவிட்டார். பச்சை லாரி ஒன்றை மட்டும் கைகாட்டி நிறுத்தினார். அதன் பக்கவாட்டில், எங்கள் வீட்டு காலண்டரில் இருக்கும் அதே பெயர். மாமாவின் நிறுவனம்.

சரக்குச் சீட்டில் இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பாரம் இருந்தது. முதலாளி ஏற்றச் சொன்னதை ஏற்றினார்கள், நான் ஓட்டினேன் என்று டிரைவர் கும்பிட்டார். மேலதிகாரி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முள்ளை மறுபடி பார்த்தார்.

அப்பாவின் மேல் இருந்த விசாரணை அத்தோடு படுத்துவிட்டது. மாமாவின் வேலையும் போயிற்று. ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக் கப்பல் காட்டக் கூட்டிப்போன மாமா. தெருவில் ஜால்முரி காரப்பொரி வாங்கித் தந்துவிட்டு அம்மாவிடம் சொல்லாதே என்ற மாமா. தன் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள அப்பா அவரைப் பலிகொடுத்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்பாவோடு பேசுவதை நிறுத்திக்கொண்டேன். அம்மா அடுப்படியில் அழுதாள். ஆனால் அப்பாவை ஒரு சொல் சொல்லவில்லை. அதுவும் எனக்குக் கோபமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு மாமா எப்போதும்போல வந்து உட்கார்ந்தார். தூத்துக்குடியில் வேலை தேடப்போவதாகச் சொன்னார்.

“ஏட்டி, இனி கப்பல் பாக்க அங்க வா,” என்றார் என்னிடம். பிறகு, “ரோட்டை மறுபடி போடுதாங்களா, அத்தான்?”

“போடுதோம்டே,” என்றார் அப்பா.

தண்ணீர் தம்ளரைக்கூடத் தானாக எடுத்துக் குடித்தறியாத மனிதர், பாதிச் சாப்பாட்டில் எழுந்துபோய் ரசச் சட்டியைக் கொண்டுவந்து மாமாவுக்கு ஊற்றினார். செய்வதையும் செய்துவிட்டு உபசாரம் வேறா என்று நான் தட்டோடு தள்ளி உட்கார்ந்தேன். அந்த லாரி, அந்தக் காலை, அந்த வழியாகத்தான் வரும் என்று அப்பாவுக்கு யார் சொல்லியிருக்க முடியும் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.