கிழக்குப் பக்கம் 334

ஜெரால்டுக்குக் கூட்டத்தைப் பார்த்தால் எண்ணாமல் இருக்க முடியாது. கல்யாணப் பந்தியில் இலை விழுந்ததும் எதிர்வரிசையை எண்ணிவிடுவான். சபையில் பாஸ்டர் கண்ணை மூடச் சொல்லும்போது அரைக்கண்ணைத் திறந்து பெண்கள் பக்கம் எத்தனை, ஆண்கள் பக்கம் எத்தனை என்று முடித்துவிடுவான். வாய் அசையாது. வலது கையின் கட்டை விரல் மட்டும் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கும்.

பிழைப்பு அப்படி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில், கான்ட்ராக்டர் அன்புசெல்வனின் ஆட்களுக்கு அவன்தான் டைம் கீப்பர். கேட்டில் கார்டு தேய்க்கும் இயந்திரம் இருக்கிறது. ஆனால் ஒருவன் நாலு பேர் கார்டைத் தேய்த்துவிட்டுப் போவான். இயந்திரத்துக்குக் கார்டு தெரியும், ஆள் தெரியாது. ஒன்பது வருஷத்தில் ஜெரால்டின் கணக்கு ஒரு தலைகூடத் தப்பியதில்லை.

அதற்கு முன் ஏழு வருஷம் உலைக்கு எதிரே நின்றான். பழுக்கக் காய்ந்த கம்பி உருளையிலிருந்து சீறிக்கொண்டு வரும். இடுக்கியால் பிடித்து அடுத்த உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒரு நாள் பிடி நழுவி, கம்பி இடது கெண்டைக்காலைச் சுற்றியது. அந்தத் தழும்பு இன்றும் கயிறு கட்டிய மாதிரி இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு வந்த அன்புசெல்வன், "இனிமே நீ வெளிய உக்கார்ந்துக்கடா" என்றான். கைப்பிடி வைத்த நாற்காலி, ஒரு மேஜை, தலைக்கு மேல் காற்றாடி. ஜெரால்டின் மனைவி சுகிர்தா அந்த நாற்காலிக்காகச் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள்.

அன்புசெல்வன் ஊர்க்காரன். ஊர் என்றால் ஏரிக்கு மேற்கே, நெல் நிலம் உள்ளவர்கள். ஜெரால்ட் கிழக்கே, காலனி. அவன் அப்பா காலத்தில் அந்த நிலங்களில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் இப்போது சிப்காட்டில் ஷிஃப்ட் போகிறார்கள். ஊருக்கும் காலனிக்கும் நடுவில்தான் ஃபுட்பால் கிரவுண்ட். அத்திப்பட்டிலிருந்து வரும் மின்கம்பிகள் அதற்கு மேலாகத்தான் போகின்றன. மழைக்காலத்தில் அவற்றின் உறுமல் கீழே ஆடுகிறவர்களுக்குக் கேட்கும்.

ஊருக்கு ஏரிக்கரை யுனைடெட், காலனிக்கு மார்னிங் ஸ்டார். யுனைடெட் ஆட்கள் மேற்குக் கோட்டோரம் நிற்பார்கள், வெயில் முதுகில் விழும். மார்னிங் ஸ்டார் ஆட்கள் கிழக்கே. சாயங்கால வெயில் நேராக அவர்கள் கண்ணில் அடிக்கும். அதனால் ஆட்டம் முடியும்வரை எல்லோரும் ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் நிற்பார்கள். தலைமுறையாக அப்படியே நின்று அது ஒரு குறையாகவே அவர்களுக்குத் தோன்றாமல் போயிருந்தது.

எந்த டீமுக்கு ஆள் அதிகம் என்பது டீக்கடையில் தீராத வழக்கு. யுனைடெட்டின் செயலாளர் குணா, அன்புசெல்வனின் அண்ணன் மகன், போனைத் திறந்து இன்ஸ்டாகிராமைக் காட்டுவான்.

"ரெண்டாயிரத்து முந்நூறு ஃபாலோயர். உங்களுது ஆயிரத்துத் தொள்ளாயிரம். பேச்சு முடிஞ்சுது."

"உன் ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு மூஞ்சியே இல்லியே" என்பான் மோசஸ். சுகிர்தாவின் தம்பி. மார்னிங் ஸ்டாருக்கு டிரம் அடிக்கிறவன். "ஒருத்தன் பேரு மலிவு விலை ஜவுளி. அவன் எந்த பொசிஷன்ல ஆடுறான்?"

"டேய், ஃப்ளெக்ஸ எண்ணு. எங்க ஃப்ளெக்ஸ்ல நூத்தி அறுபது மூஞ்சி."

"அதுல ரோசம்மாக்கா மூஞ்சி எங்க ஃப்ளெக்ஸ்லயும் கீது."

சுண்டல் விற்கும் ரோசம்மாள் கூடையை இறக்காமலே சொல்வாள்: "எனக்கு ரெண்டு பக்கமும் தான்டா யாவாரம். எந்த போட்டோவுல நல்லா கீறேனோ அந்த டீமு நான்."

சிரிப்போடு போய்க்கொண்டிருந்த இந்த வழக்கில், இந்த வருஷம் ஒரு கூரை வந்து விழுந்தது. ஆலையின் நலத்துறை அதிகாரி திலகவதி, கிரவுண்டில் தகரக் கூரை போட்ட கேலரி ஒன்று கட்டித்தர நிர்வாகம் சம்மதித்திருப்பதாகச் சொன்னார். முந்நூறு பேர் உட்காரலாம். ஆனால் ஒரு பக்கம்தான். ஆதரவாளர்கள் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம். டோர்னமெண்டின் கடைசி ஞாயிறு ஃபைனல் அன்று எண்ணுவது, அதற்கு முந்தைய ஞாயிறு ஒரு ஒத்திகை.

"யார் எண்ணுறது?" என்றார் திலகவதி.

"ஜெரால்டு" என்றான் மோசஸ்.

"ஜெரால்டே எண்ணட்டும்" என்றான் குணா.

காலனிக்கு அவன் சொந்த ஆள். ஊருக்கு அவன் அன்புசெல்வன் ஆள். இரண்டு தரப்பும் ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டபோதுதான் ஜெரால்டுக்கு முதன்முதலாகப் பயம் வந்தது.

ஒத்திகை ஞாயிறு அவன் திணறிப்போனான். கேட்டில் ஆட்கள் ஒவ்வொருவராக வருவார்கள், தலையில் ஹெல்மெட் இருக்கும். இங்கே தலைகள் குனிந்தன, நிமிர்ந்தன, சுண்டல் வாங்கப் போயின. அப்பன் தோளில் உட்கார்ந்த குழந்தை தனித் தலையா என்று கேள்வி வந்தது.

"பஸ்ஸுல டிக்கெட் கேப்பாங்கன்னா ஆளு. கேக்க மாட்டாங்கன்னா மூட்ட" என்று தீர்ப்புச் சொன்னாள் ரோசம்மாள். அதையே வைத்துக்கொண்டார்கள்.

அரை மணி நேரத்தில் அவன் ஒன்றைக் கண்டுபிடித்தான். கார்னர் கிக் எடுக்கும்போது எல்லாத் தலைகளும் ஒரே மூலைக்குத் திரும்பும். பேச்சு நிற்கும். வாயில் போட்ட சுண்டல்கூட மெல்லப்படாது. பந்து காலை விட்டுக் கிளம்பும்வரை கூட்டம் ஒரு போட்டோ. கோட்டோரம் நட்டிருந்த சவுக்குக் கம்பங்களைப் பாகமாக வைத்து, ஒரு கார்னருக்கு இரண்டு பாகம் என்று எண்ணினான். அன்று பத்து கார்னர் கிடைத்தன. மேற்கு இருநூற்று எண்பத்தாறு. கிழக்கு நானூற்றுப் பதினொன்று.

காலனியில் அன்றைக்கே கூரை போட்டாகிவிட்ட மாதிரி பேச்சு. மோசஸ் இரவுச் சோற்றுக்கு வந்தபோது சொன்னான், "மாமா, டிரம்மு நனையாம அடிக்கலாம். சாயங்காலம் பந்து எங்க போவுதுன்னு பாத்து அடிக்கலாம். இத்தன நாளு சத்தத்த வச்சித்தான அடிச்சேன்."

திங்கட்கிழமை அன்புசெல்வன் டைம் ஆபீசுக்கு வந்தான். கோபமெல்லாம் இல்லை. மேஜை மேல் இருந்த மஸ்டர் நோட்டை, ஆட்களின் வருகைப் பதிவை, ஒரு புரட்டுப் புரட்டினான்.

"நேத்து நல்லா எண்ணுனியாமே. மேடம் சொன்னாங்க."

"எண்ணுனதுல அதான் சார் வந்துச்சி."

"நான் ஒண்ணும் சொல்லலியே. உன் கணக்குல நான் என்னைக்காவது கை வச்சிருக்கேனா?" நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினான். "ஆடுதே இது. புதுசு ஒண்ணு அனுப்பச் சொல்றேன்."

புதன்கிழமை புது நாற்காலி வந்தது. சுழலும் நாற்காலி. ஜெரால்ட் அதில் உட்கார்ந்து ஒருமுறை சுற்றிப் பார்த்தான். மேஜை, கேட், உலைக்குப் போகும் வழி, மறுபடி மேஜை.

சனிக்கிழமை மதியம் அன்புசெல்வனிடமிருந்து போன் வந்தது.

"ஜெரால்டு, நாளைக்கி செகண்ட் ஷிஃப்ட் ஓட்டணுமாம், ஆர்டர் அவசரம். எண்பது ஆளுக்குக் கொறையாம போடு. ஷெட்டுல கீற ஒரிசாப் பசங்களுக்கு ரெஸ்ட்டு குடுத்துடு, பாவம் மூணு வாரமா ஞாத்திக்கெழமையே இல்ல அதுங்களுக்கு. நம்ம லோக்கல் ஆளுங்களே ஓவர்டைம் கேட்டுக்கினு இருந்தாங்களே, அவங்களயே போடு. டபுள்."

"சரிங்க சார்."

"ஒண்ணு. ஆடுற பசங்க பேரு வேணாம். அப்புறம் ஏதாவது பேசுவாங்க."

போனை வைத்துவிட்டான். அந்தக் கடைசி வார்த்தைக்குப் பிறகுதான் ஜெரால்டுக்கு விளங்கியது.

அன்புசெல்வன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஒரிசாப் பையன்களுக்கு ஓய்வே இல்லை என்பது மஸ்டரில் இருக்கிறது. ஞாயிறு ஓவர்டைம் கேட்டுக் காலனி ஆட்கள் இரண்டு மாதமாக அவனைத்தான் நச்சரித்தார்கள். மோசஸே பள்ளிக்கூடம் திறக்கும் நேரம் என்று சொல்லிக் கேட்டிருந்தான். இதில் எதை மறுப்பது, யாரிடம் போய் மறுப்பது?

வீட்டுக்குப் போய் லிஸ்ட் எழுதினான். இருபது பேர்வரை ஏதோ கை ஓடியது. முப்பது தாண்டியதும் ஒவ்வொரு பேரையும் எழுதும்போது அந்த ஆள் கிழக்குக் கோட்டோரம் எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பான் என்று தெரிந்தது. மூன்றாம் கம்பம் அரசப்பன். நாலாம் கம்பத்தில் அண்ணன் தம்பி மூன்று பேர். பேரை எழுத எழுத அந்த இடம் காலியானது.

சுகிர்தா அரிசி களைந்த கையோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா, எல்லாம் நம்ம தெருவா கீது?"

"அவங்கதான கேட்டாங்க."

"நாளைக்கித்தான மேட்ச்சு."

அவன் அடுத்த பேரை எழுதினான். அவள் பார்வை அவன் முகத்திலிருந்து இறங்கி, லுங்கிக்குக் கீழே தெரிந்த தழும்பில் நின்றது. பிறகு உள்ளே போய்விட்டாள். அவள் ஏதாவது திட்டியிருந்தால் பேனாவைக் கீழே வைத்திருப்பான்.

மோசஸ் வாசலில் இருந்தே குரல் கொடுத்தான். "மாமா, என் பேரு போட்டியா?"

"மேட்ச்சுக்கு டிரம்மு?"

"ஒரு நாளு நான் இல்லன்னா கூட்டம் கொறஞ்சிடுமா? டபுள் ஓ.டி. விட்டா அடுத்த மாசம் பேஜாரு மாமா. பொண்ணுக்கு ஃபீஸ் கட்டணும்."

எல்லோரும் தன்னைப் பற்றி மட்டும் அப்படித்தான் நினைத்தார்கள், ஒரு ஆள்தானே என்று. அந்த ஒவ்வொரு ஒன்றும் சேர்ந்து எவ்வளவு வரும் என்பது தெரிந்தவன் ஒருவன்தான் இருந்தான். மோசஸிடம் அதைச் சொல்ல ஜெரால்டுக்கு வாய்வரை வந்தது. அவனிடம் சொன்னால் பத்து நிமிஷத்தில் காலனி முழுக்கத் தெரியும். நாளைக்கு ஷிஃப்டுக்கு ஆள் வராது. ஆள் வராவிட்டால் திங்கட்கிழமை இடுக்கி கைக்கு வரும்.

"போட்டிருக்கேன்" என்றான். எண்பத்தி ரெண்டாவது பேர்.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குக் கேட்டில் நின்று எண்ணினான். எண்பத்திரண்டு ஹெல்மெட். ஒன்றும் தப்பவில்லை. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பைக்கை எடுத்தான்.

கிரவுண்டில் மேற்குப் பக்கம் யுனைடெட்டின் மஞ்சள் பனியன் வரிசை கட்டியிருந்தது. ஷெட்டில் இருந்து வேனில் வந்திறங்கிய ஒரிசாப் பையன்கள். யாருக்குக் கை தட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. மார்னிங் ஸ்டார் முதல் கோல் போட்டபோது அவர்கள்தான் எல்லோரையும்விட ஓங்கிக் கை தட்டினார்கள். குணா ஓடிவந்து கையை ஆட்டி நிறுத்தினான். அவர்களில் ஒருவன் வெகுநேரம் கழித்தும் தானாகச் சிரித்துக்கொண்டிருந்தான். உண்மையாக ஆட்டத்தைப் பார்க்க வந்த முகம் அது.

கிழக்கே சத்தமே இல்லை. டிரம் இல்லாத கிழக்கை ஜெரால்ட் அதுவரை பார்த்ததில்லை. பெண்களும் கிழவர்களும் பிள்ளைகளும் நெற்றியில் கை வைத்து நின்றார்கள். கம்பங்களுக்கு நடுவே பல் விழுந்த வாய் மாதிரி இடைவெளிகள். ஒவ்வொன்றுக்கும் அவனுக்குப் பெயர் தெரியும்.

மார்னிங் ஸ்டார் இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. கோப்பை கிழக்கே போனது.

மேற்கு முந்நூற்று எழுபத்தொன்பது. கிழக்கு முந்நூற்று முப்பத்து நான்கு.

திலகவதி படிவத்தை நீட்டினார். அதில் இரண்டே கட்டங்கள். ஜெரால்ட் இரண்டு எண்களையும் எழுதினான். பேனா தாளை விட்டு எழவில்லை.

"போன வாரத்தவிட கிழக்குல குறைஞ்சிருக்கே" என்றார் அவர்.

சட்டைப் பையில் தாள் நெஞ்சோடு ஒட்டியிருந்தது. வியர்வையில் நனைந்து மை அவன் தோலில் இறங்கியிருக்கும் என்று தோன்றியது.

"இன்னும் கொஞ்சப் பேர் டூட்டியில..." என்று ஆரம்பித்தான்.

அன்புசெல்வன் பத்தடி தள்ளி நின்று யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கிரவுண்டுல இருக்கிறவங்கள மட்டும்தானே எண்ணணும்? அப்படித்தானே பேசினோம்?" அவர் குரலில் கள்ளமில்லை. விதியைச் சரிபார்த்துக்கொள்கிறவரின் குரல்.

"ஆமாங்க மேடம்."

கையெழுத்துப் போட்டான்.

ராத்திரி, ஷிஃப்ட் முடிந்ததும் மோசஸ் விஷயம் கேட்டு வருவான், கத்துவான் என்று எதிர்பார்த்தான். மோசஸ் மறுநாள் காலை நாஷ்டாவுக்கு வந்து இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னான், "நாங்க டூட்டிக்குப் போய்ட்டோம். நீ இன்னா மாமா பண்ணுவ? கீறத எண்ணுன." சுகிர்தா சட்னிக் கிண்ணத்தைக் கொஞ்சம் அழுத்தி வைத்தாள். அவ்வளவுதான்.

மூன்று மாதத்தில் கேலரி எழுந்தது. நீலத் தகரம். திறப்பு விழா ஆட்டத்துக்கு முன்வரிசையில் பெயர் ஒட்டிய நாற்காலிகள். அன்புசெல்வனுக்குப் பக்கத்து நாற்காலியில் ஜெரால்டின் பெயர். எழுத்துப்பிழைகூட இல்லை.

"வா, உக்காரு" என்றான் அன்புசெல்வன். "கணக்கு சொன்னவன் வெயில்ல நின்னா நல்லாவா இருக்கும்?"

சுண்டல் கூடையோடு படியேறிய ரோசம்மாள் அவனைப் பார்த்து நின்றாள். "அட. நீ இந்தப் பக்கமா? உன்ன யார்ரா எண்ணுனது?" பதிலுக்கு நிற்காமல் அடுத்த வரிசைக்குப் போனாள். அன்புசெல்வன் சத்தமாகச் சிரித்தான். ஜெரால்டும் சிரிக்க வேண்டியிருந்தது.

எதிரே கிழக்கில் எல்லோரும் வந்திருந்தார்கள். மூன்றாம் கம்பத்தில் அரசப்பன், நாலாம் கம்பத்தில் அண்ணன் தம்பிகள். மோசஸ் டிரம்மை இடுப்பில் கட்டிக்கொண்டு பழைய மாதிரி கண்ணை இடுக்கி, சத்தத்தை வைத்து அடித்துக்கொண்டிருந்தான். கூட்டத்தில் எங்கோ சுகிர்தாவும் இருந்தாள்.

விசில் அடித்தது. மார்னிங் ஸ்டாருக்கு ஒரு கார்னர், கேலரிப் பக்கத்து மூலையில். டிரம் நின்றது. கிழக்குக் கரை முழுக்க ஒரு கையை நெற்றியில் வைத்து, அசையாமல், இந்தப் பக்கமாகப் பார்த்தது. அவர்கள் பார்ப்பது பந்தை என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும், எங்கேயோ தொலைந்துபோன ஒருவனை வெயிலில் தேடுகிற மாதிரியே இருந்தது.

ஜெரால்ட் வலது கையை இறுக மூடி மடியில் வைத்துக்கொண்டான். மூடிய கைக்குள் கட்டை விரல் கணு கணுவாக ஏறிக்கொண்டிருந்தது.