ஆட்சேபணை உண்டா என்று கேட்டவர்

“அந்த மண்டபத்துல என் வாயை மூட இனிமேதான் ஒருத்தன் பொறந்து வரணும்!”

இப்படி முழங்கியவர் மைக். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அது சம்பளப் பட்டியலில் மட்டும் புழங்கியது. கையில் ஒலிவாங்கி கிடைத்தால் மின்சாரம் போகிறவரை தரமாட்டார் என்பதால் நிதி அமைச்சகமே ஒருமனதாக வைத்த பெயர் மைக். அந்த அமைச்சகம் ஒருமனதாக எடுத்த ஒரே முடிவும் அதுதான் என்பார்கள்.

முழங்கிய இடம் பிரசவத் தாதிகள் பயிற்சி நிலையம். அதை நடத்துபவர் அவருடைய தங்கை. உலக அமைப்பு ஒன்றின் பட்ஜெட் குழுவுக்கு நாட்டின் பிரதிநிதியாகப் புறப்படும் அண்ணனுக்கு அங்கே வழியனுப்பு விழா. முன்வரிசையில் பயிற்சிப் பெண்கள், பின்வரிசையில் பிரசவம் பழகுவதற்கான ரப்பர் பொம்மைகள். உரை முடியும்வரை இடத்தைவிட்டு நகராமல் கேட்டவை பொம்மைகளே.

இவரை ஏன் அனுப்பினார்கள்? அனுபவம், நாவன்மை என்று அரசாணை சொன்னது. மாடியில் கொஞ்ச நாளாவது அமைதி வேண்டும் என்று கேன்டீன் சொன்னது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் சரித்திரம் முழுமை பெறும்.

விழா முடிந்ததும் தங்கை அவரை பொம்மைகள் அடுக்கிய அறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

“அண்ணா, கைதட்டல் கிடக்கட்டும். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எங்க நிலையம் இப்ப அந்த அமைப்போட வழக்கமான பட்ஜெட்ல இருக்கு. அடுத்த திட்டத்துல எங்களை நன்கொடைப் பக்கம் தள்ளப் போறாங்களாம். அதை மட்டும் விட்டுடாதே.”

“ரெண்டுக்கும் என்னம்மா பெரிய வித்தியாசம்? பணம் பணந்தானே?” என்றார் மைக், பட்ஜெட் குழுவுக்குப் புறப்படுகிறவர்.

“வழக்கமான பட்ஜெட்னா மாசம் பொறந்தா சம்பளம். நன்கொடைன்னா வெளியூர்ச் சித்தப்பா மனசு வெச்சாத்தான். அதுவும் அவர் காட்டுற சட்டையைத்தான் எடுக்கணும். போன தடவை ஒரு நன்கொடைக்காரர் வந்தார். பயிற்சி எல்லாம் வேணாம், சுவருக்குப் பெயின்ட் அடிச்சுத் தரேன்னார். பெயின்ட்டை வெச்சுக்கிட்டுப் பிரசவம் பாக்க முடியுமா?”

“நான் இருக்கேன்ல?” என்றார் அண்ணன். தங்கைக்குத் திருப்தியாகிவிட்டது. சின்ன வயதிலிருந்தே அவர் அப்படிச் சொன்னால் தங்கைக்குத் திருப்திதான்.

நம் மைக் போய் அமர்ந்த மண்டபத்தைச் சற்று விவரிக்க வேண்டும். நாடு ஒன்றுக்கு ஒரு மேசை, பெயர்ப் பலகை, பொத்தானை அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும் ஒலிவாங்கி. பணக்கார நாடுகளின் மேசைக்குப் பின்னால் ஆலோசகர்கள் கல்யாணப் பந்திபோல் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மைக்குக்குப் பின்னால் ஒரு காலி நாற்காலி. அதில் அவர் கோட்டைக் கழற்றிப் போடுவார். நாட்டின் தூதுக்குழு என்பது அவரும் அந்தக் கோட்டும்.

அங்கே ஓட்டெடுப்பு கிடையாது. தலைவர் பட்ஜெட் அறிக்கையின் பத்தி எண்ணைச் சொல்லி, “ஆட்சேபணை உண்டா?” என்று கேட்பார். இடப்பக்கம் பார்ப்பார், வலப்பக்கம் பார்ப்பார், மரச்சுத்தியலைத் தட்டுவார். தட்டிவிட்டால் நிறைவேறியது. யாராவது பொத்தானை அழுத்தி ஆட்சேபித்தால் அந்தப் பத்தி மறுபடி பேச்சுவார்த்தைக்குப் போகும். இன்னொரு எழுதாத வழக்கமும் உண்டு. ஒரு நாட்டைத் தொடும் பத்தியை அந்த நாடேதான் எதிர்க்க வேண்டும். பக்கத்து நாடு வாய் திறந்தால், “சம்பந்தப்பட்டவரே சும்மா இருக்கிறாரே, உங்களுக்கென்ன?” என்று உட்கார வைத்துவிடுவார்கள்.

மைக் அங்கே வெறும் சத்தம் போடவில்லை என்பதையும் நேர்மை கருதிப் பதிவு செய்கிறோம். முதல் வாரம் அவர் பேசியது ஏழை நாடுகளின் வயிற்றெரிச்சல் அத்தனையையும் அள்ளிக் கொட்டிய பேச்சு.

“திட்டம் போட்டுட்டுப் பணம் ஒதுக்கறதுதான் முறை. இங்க பணத்தை முதல்ல முடிவு பண்ணிட்டு, உங்களுக்கு எது முக்கியம்னு அப்புறம் கேக்கறீங்க. தைச்ச சட்டையைக் கையில வெச்சுக்கிட்டு அளவு எடுக்க வரீங்க! ரெண்டு வருஷத்துக்கான அறிக்கையை முந்தின நாள் சாயங்காலம் குடுக்கறீங்க. ஒரே நேரத்துல மூணு அறையில பேச்சுவார்த்தை வெக்கறீங்க. உங்களுக்கு அறைக்கு ஒரு ஆள் இருக்கு. என் நாட்டுக்கு நான் ஒருத்தன். எந்த அறையில நான் இல்லையோ அந்த அறையிலதான் என் பத்தி வெட்டுப்படுது!”

ஏழை நாடுகள் மேசையைத் தட்டின. பணக்கார நாடுகளும் மரியாதைக்குக் குறித்துக்கொண்டன. வளரும் நாடுகள் குழுவின் தலைவி, வெற்றிலைப் பெட்டி அளவு கைப்பையும் வெட்டுக்கத்தி அளவு நாக்கும் உடைய அம்மையார். எல்லோருக்கும் அவர் அக்கா. அவர் இவர் தோளைத் தட்டினார்.

“தம்பி, பேச்சு பிரமாதம். ஆனா பேச்சை இங்க யாரும் எண்ணிக்கையில சேக்க மாட்டாங்க. கடைசி நாள் உன் தங்கச்சி நிலையத்துப் பத்தி வரும். பொத்தானை அழுத்து. ‘ஆட்சேபணை’ன்னு ஒரு வார்த்தை. மத்ததை நாங்க பாத்துக்கறோம்.”

“ஒரு வார்த்தையா! நீங்க தடுத்தாத்தான்க்கா நான் ஒரு வார்த்தையோட நிறுத்துவேன்.”

இந்த இடத்தில்தான் துடைப்பக்கட்டைக்குப் பட்டுக் குஞ்சம் கட்டினார்கள். குழுவுக்குத் துணைத் தலைவர் பதவி ஒன்று காலியாக இருந்தது. பணக்கார நாட்டுப் பிரதிநிதி ஒருவர், குரலே எழும்பாத கண்ணியவான், காப்பி இடைவேளையில் மைக்கின் அருகே வந்து, “உங்களை மாதிரி ஒருத்தர் மேடையில இருக்கணும். அதுதான் இந்தக் குழுவுக்குக் கௌரவம்” என்றார். காப்பி ஆறுவதற்குள் மைக் சம்மதித்துவிட்டார்.

குழுவின் செயலர் மட்டும் விதியைச் சொன்னார். “மேடையில உக்காந்திருக்கற நேரத்துல உங்க நாட்டுக்காகப் பேச முடியாது சார். கீழே வேற ஆளை உக்கார வெச்சுக்கணும்.”

கீழே கோட்டுதான் இருந்தது. ஆனால் நாற்காலியில் ஏறுவது தலைவரின் வேலை. துணைத் தலைவர் படத்துக்கு நிற்பவர். ஆகவே என்ன கெட்டுவிடப் போகிறது? இரவோடு இரவாக அவர் பெயருடன் புதிய பலகை தயாரானது. அதைப் படமெடுத்து வீட்டுக்கு அனுப்பினார்.

மனைவி தொலைபேசியில் சுருக்கமாகப் பாராட்டினார். “பேரு பெருசாத்தான் போட்டிருக்காங்க. சம்பளமும் பெருசாச்சா?”

“கௌரவப் பதவிம்மா!”

“அப்ப சரி. நம்ம வீட்ல கௌரவத்துக்குத்தான் தட்டுப்பாடு.”

தங்கையோ படத்தைப் பெரிதாக்கி நிலையத்தின் சுவரில் ஒட்டிவிட்டார். கடைசி நாள் கூட்டம் இணையத்தில் நேரடியாகத் தெரியும் என்று கேள்விப்பட்டு, பயிற்சிப் பெண்களைக் கூடத்தில் உட்கார வைத்துத் திரையும் கட்டினார்.

கடைசி நாள் காலை தலைவருக்குக் கடைவாய் ஈறு வீங்கியது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடினார். செயலர் மைக்கிடம் வந்தார்.

“நீங்கதான் சார் நடத்தணும்.”

அக்கா பின்னாலேயே வந்துவிட்டார். “வேணாம்னு சொல்லு தம்பி. இன்னொரு துணைத் தலைவர் இருக்காரே, அவர் நடத்தட்டும். உன் இடம் கீழே.”

“கொஞ்ச நேரந்தான்க்கா. ஊர்ல பிள்ளைங்க பாக்குதுங்க. அந்தப் பத்தி வரும்போது இறங்கிடறேன்.”

“இறங்கிடுவியா?”

“நான் இருக்கேன்ல?”

மேடை நாற்காலிக்கு முதுகு உயரம். உட்கார்ந்தால் மனிதன் தானாகவே நிமிர்கிறான். எதிரே கண்ணாடிக் குவளை, கைக்கு அடக்கமான மரச்சுத்தியல், நேரே படக்கருவி. முதல் பத்திக்குக் கொஞ்சம் மெதுவாகத்தான் தட்டினார். அடுத்தடுத்த பத்திகளுக்குப் பழகிவிட்டது. ஆட்சேபணை உண்டா, இடப்பக்கம், வலப்பக்கம், டொக். பிறவியிலேயே அந்தச் சுத்தியலோடு பிறந்தவர்போல் நடத்துகிறார் என்று கண்ணியவான் பக்கத்து மேசைக்காரரிடம் முணுமுணுத்தார். அது மேடைவரை கேட்டது. கேட்கட்டும் என்றுதான் முணுமுணுத்திருப்பார்.

தங்கையின் பத்தி வந்தது.

செயலர் காதருகே குனிந்தார். “சார், அடுத்தது உங்க நாட்டைத் தொடுற பத்தி. இறங்கறதுன்னா இப்ப இறங்குங்க, அடுத்தவரை மேலே கூப்பிடறேன். ஆனா ஒண்ணு, இறங்கினா இன்னிக்கு முடியறவரைக்கும் அவர்தான் நடத்துவார். நிறைவுரையும் அவர்தான்.”

நிறைவுரை! வாய்ப்பு வந்தால் இருக்கட்டும் என்று அதை மூன்று நாட்களாகக் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்தார். அதில் ஏழை நாடுகளுக்காக உருக்கமான ஒரு பகுதியும் இருந்தது.

மைக் கீழே பார்த்தார். அவருடைய நாட்டின் மேசை, பலகை, விளக்கு எரியாத ஒலிவாங்கி. பின் நாற்காலியில் கோட்டு. அக்கா தன் இடத்திலிருந்து வேறெதையும் பார்க்காமல் இவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடையிலிருந்து இறங்க நாலைந்து படிகள்தான். ஆனால் இத்தனை பேர் பார்க்க, படக்கருவி பார்க்க, ஊர் பார்க்க, உயர்ந்த நாற்காலியிலிருந்து எழுந்து இன்னொருவரிடம் சுத்தியலைக் கொடுத்துவிட்டு நடப்பதா? இறக்கிவிட்டதாக அல்லவா நினைப்பார்கள்?

“ஆட்சேபணை உண்டா?” என்று கேட்டார்.

இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார். நடுவில் தன் நாட்டு மேசை வந்தபோது கழுத்து தானாகவே கொஞ்சம் வேகமாகத் திரும்பியது. பக்கத்து நாட்டுக்காரர் ஒருவர் பொத்தான்மேல் விரலை வைத்து, அந்தக் காலி மேசையைப் பார்த்து, விரலை எடுத்துக்கொண்டார்.

டொக்.

நிறைவுரை சிறப்பாக அமைந்தது. அந்த உருக்கமான பகுதியை மட்டும் ஏனோ தாண்டிப் போய்விட்டார். கைதட்டல் கிடைத்தது. கண்ணியவான் எழுந்து நின்றே தட்டினார்.

வெளியே தாழ்வாரத்தில் அக்கா எதிர்ப்பட்டார். திட்டுவார் என்று மைக் நின்றார். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. அக்கா அவர் கையில் கோட்டைக் கொடுத்தார்.

“உன் இடத்துலயே விட்டுட்டுப் போயிட்டே தம்பி” என்றார். அவ்வளவுதான். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

கோட்டை மாட்ட மனமில்லாமல் கையில் சுருட்டிக்கொண்டு நின்றபோது தொலைபேசி அடித்தது. தங்கை. பின்னால் பெண்களின் இரைச்சல்.

“அண்ணா! பார்த்தோம், எல்லாத்தையும் பார்த்தோம்! ராஜா மாதிரி உக்காந்திருந்தே. அவங்க பேசற பாஷை ஒண்ணும் புரியல, எல்லாம் நம்பர் நம்பரா போச்சு. ஆனா நீ சுத்தியலைத் தட்டறப்பல்லாம் பிள்ளைங்க கைதட்டினாங்க. ஒரு தடவை கொஞ்ச நேரம் நிறுத்தி யோசிச்சுத் தட்டினே பாரு, அதுக்குத்தான் பெரிய கைதட்டல். ஏதோ பெரிய விஷயம்னு நினைச்சோம்.”

மைக் சுவரில் சாய்ந்தார்.

“எங்க பத்தி இன்னும் வரலியாண்ணா? எப்ப வருது? பிள்ளைங்களைப் போகச் சொல்லவா, உக்காந்திருக்கச் சொல்லவா?”

தாழ்வாரத்தில் ஆள் யாரும் இல்லை. குறுக்கே பேச யாரும் இல்லை. நேர வரம்பும் இல்லை.

“அண்ணா, கேக்குதா? பேசேன்.”

மைக் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். தொலைபேசி காதிலேயே இருந்தது.

“லைன் கட்டாயிடுச்சு போல” என்று தங்கை அந்தப் பக்கம் யாரிடமோ சொல்வது அவருக்குத் தெளிவாகக் கேட்டது. “இருங்க பிள்ளைங்களா, யாரும் எழுந்துக்காதீங்க. அண்ணன் இருக்காருல்ல?”