அவள் எழுதிய மாதிரிப் பத்தி

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. கடைகளுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் வெப்சைட் செய்து கொடுப்போம். வேலை பார்த்தது இரண்டே பேர். நான் குரும்பலூரிலிருந்து வருவேன், அவள் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து. இரண்டாயிரத்து நான்காம் வருஷம் என்று நினைவு.

புது சைட் வந்தால் பழைய சைட் ஒன்றைக் காப்பி செய்து, பெயரையும் படங்களையும் மாற்றுவோம். அப்படி ஒரு ரைஸ் மில் சைட்டைக் காப்பி செய்து அரியலூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் செய்தபோது, பக்கத்தின் அடியில் இருந்த மில் போன் நம்பரை மாற்ற மறந்துவிட்டேன். இரண்டாம் நாள் மில்காரர் ஆபீசுக்குப் போன் செய்தார்.

"ஏம்மா, காலையிலேருந்து எல்.கே.ஜி. சீட்டு இருக்கான்னு கேக்குறாங்க. நான் என்னத்த சொல்றது?"

ஓனர் என்னைத் திட்ட ஆரம்பித்ததும் அவள் குறுக்கே வந்தாள். "நாங்க ரெண்டு பேரும்தான் சார் பாத்தோம்." அந்தப் பக்கத்தை அவள் திறந்துகூடப் பார்த்ததில்லை.

அவர் போனதும் சொன்னாள்: "இனிமே அடுத்தவங்க வூட்டக் காப்பி அடிக்க வேணாம் புள்ள. காலியா ஒண்ணு செஞ்சு வச்சுக்குவோம். எது வந்தாலும் அதுலேருந்து ஆரம்பிக்கலாம்."

அதைச் செய்து முடிக்க மூன்று வாரம் ஆனது. மேலே தலைப்பு, இடப்பக்கம் மெனு, நடுவில் விஷயம், அடியில் முகவரி, எல்லாம் டேபிள் என்ற கட்டங்களுக்குள். நிறங்களும் எழுத்தின் அளவும் தனி ஃபைலில். பெயரும் நம்பரும் வரவேண்டிய இடமெல்லாம் சிவப்பில் 'மாத்து' என்று போட்டோம். ஒருத்தி டைப் அடிக்க, இன்னொருத்தி ஸ்டூலில் உட்கார்ந்து வரி வரியாகப் பார்ப்பாள். மெனுவின் அகலத்துக்காக ஒரு மதியம் முழுக்கச் சண்டை போட்டோம்.

தமிழ் எழுத்து சரியாக விழுகிறதா என்று பார்க்க நடுவில் ஒரு பத்தி வேண்டியிருந்தது. அவள் யோசிக்காமல் அடித்தாள்: 'இன்று மழை. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. இப்போது பக்கத்து ஸ்டூலில் இருக்கிறவள் என் டிபன் பாக்ஸிலிருந்த முட்டையைத் தின்றுவிட்டு, வெள்ளிக்கிழமை விரதம் என்கிறாள்.'

"ஐயோ, இதையா வைக்கிறது?"

"எப்படியும் அழிக்கத்தானே போறோம். அதுவரைக்கும் இருந்துட்டுப் போவட்டும்."

அந்தக் காலி சைட் ஃபோல்டரை வைத்து நாலைந்து சைட் சேர்ந்து செய்திருப்போம். பிறகு அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளைக்கு சார்ஜாவில் வேலை. நிக்காஹ் முடிந்த மூன்றாம் மாதம் விசா வந்தது, போய்விட்டாள்.

நான் தனியாக வேலை பார்த்தேன். ஒவ்வொரு சைட்டுக்கும் ஃபோல்டரைக் காப்பி செய்து திறந்தால் நடுவில் அவளுடைய மழையும் முட்டையும் இருக்கும். மற்ற எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கடைசியில்தான் அதற்கு வருவேன். ஒருமுறை அரும்பாவூர் விதைக்கடைக்காரர் தன் சைட் எப்படி வருகிறதென்று பார்க்க நேரில் வந்தார். என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "யாரும்மா இது, முட்டை தின்னது?" என்றார். சிரித்துக்கொண்டே அழித்தேன்.

முதலில் அவளிடமிருந்து வாரம் ஒரு மெயில் வந்தது. பிறகு ரம்ஜானுக்கு மட்டும். அங்கே வேலை தேடினாயா என்று இரண்டு முறை கேட்டேன். இரண்டுக்கும் பதில் இல்லை.

இரண்டாயிரத்து ஏழில் லீவுக்கு வந்தபோது, கைக்குழந்தையோடு மாடி ஏறி வந்தாள். கீழே காரில் மாமியார் காத்திருந்தார். என் நாற்காலியில் உட்கார்ந்து, நான் புதிதாகத் திருத்தியிருந்த பக்கத்தை அதன் கோடிங்கோடு திறக்கச் சொன்னாள். குழந்தை கீபோர்டைத் தட்டியது.

"டேபிளே இல்லாம இந்த மெனு எப்படிடி நிக்குது?"

சொன்னேன். மறுபடி கேட்டாள். மறுபடி சொன்னேன்.

"எல்லாம் மறந்து போச்சு புள்ள."

"ஒரு வாரம் உக்காந்தா வந்துரும்."

"ஒரு வாரம் யாரு தரா?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கீழே ஹாரன் அடித்தது. குழந்தையை நான் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். இன்னும் ரெண்டு வாரம் லீவு இருக்கு, அதுக்குள்ள ஒரு நா முழுசா வரேன் என்று கையைப் பிடித்துச் சொன்னாள். எனக்கு வெளிவேலை எதுவும் வைக்க வேண்டாம் என்று ஓனரிடம் கேட்டுக்கொண்டேன். அவளால் வர முடியவில்லை. அந்த இரண்டு வாரமும் நான் ஆபீசைவிட்டு எங்கும் போகவில்லை.