பொய் டவுனில் ஒரு தையல் கடை

நீங்கள் நம்புவீர்களோ மாட்டீர்களோ, பேய் பிசாசு என்றாலே எனக்குச் சிரிப்புதான் வரும். ஈப்போ பக்கம் புந்தோங்கில் கடை போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். கோயிலுக்குப் போனாலும், வாசலில் எழுத்து நேராக இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

எழுபதுகளின் கடைசியில், ஈப்போவுக்கு வெளியே ரப்பர் மரங்களை அழித்த எஸ்டேட் நிலத்தில், பட்டாளத்துக்காரர்கள் டவுனுக்குள் சண்டை போட்டுப் பழக ஒரு பொய் டவுன் கட்டினார்கள். பலகைச் சுவர், தகரக் கூரை, உள்ளே வெறும் புல். போர்டு எழுதவும் சேதமானதைத் திருத்தவும் என்னைக் கூப்பிட்டார்கள். காப்பிக் கடை, முடிவெட்டும் கடை எல்லாம் எழுதியாயிற்று, கடைசிக் கடைக்கு உன் இஷ்டம் என்றார் கன்ட்ராக்டர். யோசிக்கவே இல்லை, ‘சரோஜா தையல் கடை’ என்று எழுதினேன். சரோஜா என் மனைவி. சொந்தக் கடைக்கு ஆசைப்பட்டவள், வைப்பதற்குள் காய்ச்சலில் போய்விட்டாள்.

எழுதியதோடு விட்டிருக்கலாம். புதுக் கடை போர்டென்றால் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நறுக்குவது என் பழக்கம். அதையும் செய்தேன்.

“பொய்க் கடைக்குத் தெறப்பு விழாவா?” என்றார் கன்ட்ராக்டர்.

“இருந்துட்டுப் போவட்டும் லா,” என்றேன்.

பயிற்சி தொடங்கிய மத்தியானம் கோப்பெங்கைச் சேர்ந்த ஒரு தமிழ்ச் சிப்பாய் என்னிடம் வந்தான். “அண்ணே, தையக் கடையில ஒரு அக்கா உக்காந்திருக்காங்க. பல்லால நூலக் கடிச்சிக்கிட்டு. வெளிய வரச் சொல்லுங்க.”

சரோஜா கத்தரிக்கோலையே தொட மாட்டாள், பல்லால்தான் நூலை அறுப்பாள். ஓடினேன். புல்தான் இருந்தது.

பிறகு ஒரு மலாய்ப் பையனும் பார்த்ததாகச் சொன்னான். எனக்குப் பயம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் தெரிகிறாள், தாலி கட்டியவனுக்குத் தெரியவில்லை. மத்தியானச் சோற்றை அந்தக் கடைக்குள்ளேயே உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும் என்றிருந்தது.

நாளை டவுனை இடிக்கிறார்கள் என்றதும், அன்று முழுக்க உள்ளேயே இருந்து அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வெளியே வந்தால் அதே சிப்பாய் நிற்கிறான்.

“இப்பதான் சன்னல் வழியா பாத்தேண்ணே. அந்த அக்கா அழுதுக்கிட்டு இருந்தாங்க. ஏன்க்கான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“‘கடையத் தொறந்து குடுத்துட்டு, வீட்டுக்காரரு ஒரு நாளுகூட உள்ள வந்து பாக்கலியே’ன்னாங்க.”

உள்ளே வேறு யாராவது இருந்தார்களா என்று கேட்டேன். இல்லை என்றான். நான் அந்த ஜன்னலுக்கு நேர் எதிரேதான் உட்கார்ந்திருந்தேன்.